உப்புப் பாத்தியில் விழுந்த தடம்

இப்போது எங்கள் பட்டறையில் வண்டியைச் சோதிக்கும்போது ஸ்டீயரிங் தண்டில் தீப்பெட்டி அளவில் ஒரு கருவியை மாட்டுகிறார்கள். வண்டி ஓடி முடித்ததும் அது போனில் கோடு போட்டுக் காட்டுகிறது. சக்கரம் எங்கே எவ்வளவு திரும்பியது, ஓட்டியவரின் கை எங்கே எவ்வளவு திரும்பியது என்று இரண்டும் தனித்தனி நிறத்தில் தெரிகின்றன. முதுகெலும்பு தேய்ந்துவிட்டது, இனி இந்த வேலை வேண்டாம் என்று டாக்டர் சொல்லி, ஐம்பத்தைந்து வயதில் நான் விலகிய அதே மாதத்தில்தான் அந்தக் கருவி வந்தது. பட்டறையில் இருப்பவர்கள் அதை என்னிடம் காட்டி, இது இல்லாமல் பதினெட்டு வருஷம் வெறும் கையாலேயே எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டார்கள். வழியனுப்பும் அன்று அதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். எனக்கு நாலு பேர் முன்னால் வாய் வராது. எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அவர்கள் என் கையைப் பற்றி மிகவும் உயர்வாக நினைத்திருக்கிறார்கள். அந்தக் கை ஒரு முறை தப்பான சேதி சொன்னது. அதை நான் நம்பினேன். அன்று அதைப் பிடித்துக் கொடுத்தவர்கள் இல்லையென்றால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்க்கப் பயமாக இருக்கிறது. ஆகவே அதைத்தான் எழுதுகிறேன்.

என் ஊர் மரக்காணம். பத்தாவது வரை படித்தேன். உப்பு மூட்டை ஏற்றும் டிராக்டரில் தொடங்கி, பிறகு டிப்பர், பிறகு ஒரு உப்பள முதலாளியின் ஜீப் என்று ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் கழுவெளிச் சதுப்பு நிலத்துப் பக்கம் ஒரு வண்டி சேற்றில் இறங்கி நின்றது. வழக்கத்தை விட உயரமான ஜீப். நான் கயிறு கட்டி இழுத்துக் கொடுத்தேன். வண்டிக்காரர் முதலில் நன்றி சொல்லவில்லை. அந்த இடம் மேலே காய்ந்திருந்தாலும் உள்ளே ஈரம் என்று உனக்கு எப்படித் தெரியும், நீ மட்டும் எப்படி ஒதுங்கி வந்தாய் என்று கேட்டார். ஸ்டீயரிங் லேசாகிவிடும், அப்போதே திருப்பிவிட வேண்டும் என்று சொன்னேன். அந்த ஒரு பதிலுக்காக அடுத்த மாதமே எனக்கு வேலை கொடுத்தார். அவர்தான் யூசுப் பாய்.

பாய் கோட்டக்குப்பத்துக்காரர். வளைகுடா நாட்டில் பாலைவனத்தில் ஓட்டுகிற வண்டிகளைச் செய்யும் பட்டறையில் பதினாலு வருஷம் இருந்துவிட்டு வந்தவர். ஊர் திரும்பியதும் மரக்காணத்துக்குத் தெற்கே, கடற்கரைச் சாலையை ஒட்டிச் சொந்தமாகப் பட்டறை போட்டார். காடு, மலை, மணல் என்று ரோடு இல்லாத இடங்களுக்குப் போகிறவர்கள் வருவார்கள். அவர்களுடைய ஜீப்பை உயர்த்துவது, ஸ்பிரிங் மாற்றுவது, ஸ்டீயரிங்கை வேறு விதமாக அமைத்துக் கொடுப்பது அவர் தொழில். செய்து முடித்ததை ஓட்டிப் பார்த்து, சரியா தப்பா என்று எழுதிக் கொடுப்பது என் வேலை.

முதல் வருஷம் முழுக்க எனக்கு ஒரே பயிற்சிதான். காலையில் நான் வருவதற்குள் பாய் ஏதாவது ஒரு டயரில் ரெண்டு பவுண்டு காற்றை இறக்கி வைத்திருப்பார். எந்த டயர் என்று சொல்ல மாட்டார். நான் ஓட்டிவிட்டு வந்து சொல்ல வேண்டும். சில நாள் எதிலும் இறக்காமலே விட்டிருப்பார். அன்றைக்கும் நான் ஏதோ ஒரு டயரைச் சொல்லிவிட்டு வந்து நிற்பேன். அவர் சிரிக்க மாட்டார், திட்ட மாட்டார். அளக்கும் மீட்டரை என் கையில் கொடுத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்.

அவருடைய முறைகளை இங்கே சொல்ல வேண்டும். பின்னால் வருவது அவற்றில்தான் இருக்கிறது. கழற்றிப் பூட்டிய ஒவ்வொரு போல்ட்டின் மேலும் வெள்ளை பெயிண்டால் ஒரு கோடு இழுப்பார். போல்ட்டிலிருந்து கீழே இருக்கும் தகடு வரை ஒரே கோடு. ஓட்டிவிட்டு வந்தபின் கோடு உடைந்திருந்தால் போல்ட் நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம். உப்பு மண்ணில் ஓடிய வண்டியை அடிப்பக்கம் முழுக்க நல்ல தண்ணீரால் கழுவாமல் யாரும் டீ குடிக்கக் கூடாது. வண்டியில் என்ன மாற்றினார் என்பதை ஓட்டப் போகும் என்னிடம் சொல்ல மாட்டார். திரும்பி வந்ததும் நான் யாரிடமும் பேசாமல் நோட்டில் எழுதி முடிக்க வேண்டும். அதன் பிறகுதான் பேச்சு. முதல் நாளே சொல்லிவிட்டார்: “கை என்ன சொல்லுதோ அத எழுது ஏழுமல. நான் என்ன செஞ்சிருப்பேன்னு யோசிச்சி எழுதாத.”

இன்னொன்று, செய்தவர் சோதிக்கக் கூடாது. பாய் தான் வேலை செய்த வண்டியைப் பட்டறை வாசலைத் தாண்டி ஓட்ட மாட்டார். செய்த கை தன் தப்பை மன்னித்துவிடும் என்பார். நான் நோட்டில் ‘சரி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் வண்டி போகும். போடாவிட்டால் போகாது. அதிகம் பேசாத எனக்கு அந்த முறை சௌகரியமாக இருந்தது. வாயால் ‘வேண்டாம்’ என்று சொல்ல வராத நான் நோட்டில் எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். எவ்வளவு பெரிய ஆள் வந்து அவசரப்படுத்தினாலும், பாய் அந்த நோட்டைத் திறந்து காட்டி, ஏழுமலை இன்னும் எழுதவில்லை என்று மட்டும் சொல்லுவார். அவர் கொடுத்த மரியாதை அது. வேறு எங்கே எனக்குக் கிடைத்திருக்கும்?

ஓட்டும் பாதையும் மாறாது. கடற்கரை மணலில் ஒரு சுற்று. பெருமுக்கல் மலை அடிவாரத்தில் பாறையும் குழியுமாக ஒரு பாதை உண்டு, அதில் மூன்று முறை ஏறி இறங்க வேண்டும். கடைசியாக உப்பளம். ஒரு முதலாளி தண்ணீர் பாய்ச்சாமல் விட்டிருந்த பாத்திகளில் ஓட்டிக்கொள்ளச் சம்மதித்திருந்தார். பாத்தித் தரை வருஷக்கணக்காகக் காலால் மிதித்து மிதித்துச் சமப்படுத்தியது, சிமெண்ட் தரை தோற்கும். பாத்திக்கும் பாத்திக்கும் நடுவில் கணுக்கால் உயரத்துக்கு வரப்பு. நேராக ஓட்டினால் வரிசையாக ஏழு வரப்பு ஏறி இறங்கலாம்.

நான் வேலைக்குச் சேர்ந்து பன்னிரண்டு வருஷம் ஆனபோது நிர்மலா மேடத்தின் ஜீப் வந்தது. அவர் திருவண்ணாமலையில் ஒரு பள்ளியில் டீச்சர். ஜீப் அவருடைய அப்பா வைத்திருந்தது. அவர்கள் குலதெய்வம் ஜவ்வாது மலைக்கு மேலே இருக்கிறது. ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு போய்ப் பொங்கல் வைக்க வேண்டும். ஜீப் மட்டும் ஏறுகிற பாதை. அப்பா போன பிறகு மேடம்தான் ஓட்டிக்கொண்டிருந்தார். ஒரு விபத்தில் வலது மணிக்கட்டு உடைந்து உள்ளே தகடு வைத்துவிட்டார்கள். பிடிக்கும் பலம் பாதிதான் திரும்பியிருந்தது. போன வருஷம் பொங்கல் வைக்கவில்லை. இந்த வருஷம் எப்படியாவது போக வேண்டும் என்று வண்டியைக் கொண்டுவந்து விட்டிருந்தார்.

பாய் அதற்கு எட்டு மாதம் எடுத்துக்கொண்டார். பாறையில் இடிக்காமல் இருக்க வண்டியை நாலு அங்குலம் உயர்த்தினார். குலுக்கல் கைக்கு வராமல் இருக்க மென்மையான ஸ்பிரிங் போட்டார். ஒரு விரலால் சுற்றினாலும் திரும்பும்படி எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்யும் ஸ்டீயரிங்கைப் பொருத்தினார். இவையெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரியும்.

வியாழக்கிழமை மணலிலும் பெருமுக்கல்லிலும் உப்பளத்திலும் ஓட்டினேன். வெண்ணெயில் கத்தி இறங்குவது போலப் போனது. நோட்டில் எழுதியது இன்னும் நினைவில் இருக்கிறது. ‘நேராகப் போகிறது. கைக்கு வேலை இல்லை. சரி.’ பாய் அதை ரெண்டு முறை படித்தார். அப்புறம் மேடத்துக்குப் போன் போட்டு, சனிக்கிழமை காலையில் வந்து எடுத்துக்கொள்ளலாம், ஞாயிற்றுக்கிழமை மலை ஏறலாம் என்று சொன்னார்.

வெள்ளிக்கிழமை காலையில் ஒரு மணி நேரம் சும்மா ஓட்டி, போல்ட் கோடுகளைப் பார்ப்பது மட்டும்தான் பாக்கி. முந்தின நாள் சாயங்காலம் லேசாகத் தூறியிருந்தது. அந்த ஈரத்தில் உப்பு மேலே வந்து, சும்மா கிடந்த பாத்திகள் முழுக்க மாவு தூவின மாதிரி வெள்ளையாகப் பூத்திருந்தது. நான் ஏழு வரப்பையும் தாண்டிப் போய் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினேன்.

பக்கத்துப் பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்த அஞ்சலை அக்கா பலகையைச் சாய்த்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. பாவாடை கட்டின வயசிலிருந்து உப்பளத்தில் இருப்பவர்.

“இன்னா ஏழுமல, காலையிலியே ஊத்திக்கினியா?”

நான் குடிக்க மாட்டேன் என்று அவருக்குத் தெரியும். சும்மா கிண்டல்தான்.

“பாம்பு ஊர்ந்த மாதிரி போயிருக்கிற. நெளி நெளியா.”

“நேராத்தான்க்கா ஓட்னேன்.”

“நீ நேரா ஓட்ன. வண்டி போவலியே. வந்து பாரு.”

எனக்குக் கோபம்தான் வந்தது. பன்னிரண்டு வருஷமாக ஓட்டிப் பார்த்துச் சொல்பவன் நான், வண்டியில் ஏறியே பழக்கமில்லாதவர் சொல்கிறார். ஆனாலும் போனேன். வெள்ளைத் தரையில் என் சக்கரத் தடம் கறுப்பாகத் தெளிவாக விழுந்திருந்தது. அக்கா தடத்தை ஒட்டி வெறுங்காலில் நடந்தார். பாத்தி மிதிக்கும்போது ஒரு கால் தடம் தவறினால் அங்கே தண்ணீர் தேங்கும், உப்பு கெடும். ஆகவே தரையில் உள்ள கோடுகளை அவர் பார்க்கும் பார்வையே வேறு. ஒவ்வொரு வரப்பு வந்ததும் விரலை நீட்டினார். “இங்க ஒரு தபா. இங்க ஒரு தபா. பாத்தியா?”

பார்த்தேன். வரப்பில் ஏறி இறங்கிய இடத்தில் முன் சக்கரத்தின் தடம் இடது பக்கம் மூன்று விரல் ஒதுங்கி, பிறகு வலது பக்கம் திரும்பி வந்திருந்தது. ஏழு வரப்பிலும் அப்படியே. இடது பக்கம் ஒதுங்கியது வண்டி. வலது பக்கம் திருப்பிக் கொண்டுவந்தது யார்?

போல்ட்டுக்குப் போடும் வெள்ளை பெயிண்டை எடுத்து ஸ்டீயரிங் வளையத்தின் உச்சியில் ஒரு கோடு போட்டேன். பாதையைப் பார்க்காமல் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு மறுபடி ஓட்டினேன். வரப்பு வந்ததும் கோடு ஒரு விரல் வலது பக்கம் போய்த் திரும்பி வந்தது. அது என் கை. வண்டி விலகுவதற்குள் அது தானாகவே திருத்திக்கொண்டிருந்தது. எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. பன்னிரண்டு வருஷம் கோணல் வண்டிகளை ஓட்டி ஓட்டி, கோணலைச் சொல்ல வேண்டிய கை, கோணலை மறைக்கப் பழகிவிட்டது.

மூன்றாவது முறை கோடு நகராதபடி வளையத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு போனேன். நாலாவது வரப்பு தாண்டும்போது வண்டி என் பழைய தடத்தை விட்டு ஒரு முழம் இடது பக்கம் விலகியிருந்தது.

மணி பத்து இருக்கும். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. இன்னும் ரெண்டு மணி நேரத்தில் ஈரம் காய்ந்து காற்று அடித்தால் தடம் எல்லாம் போய்விடும். அஞ்சலை அக்காவைத் தவிர யாரும் பார்க்கவில்லை. நோட்டில் என் கையெழுத்து இருக்கிறது. மேடம் நாளைக்கு வருகிறார். இந்த மூன்று விரலை யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள் என்று ஒரு நினைப்பு வந்தது உண்மைதான். அதை மறைத்து எழுத விரும்பவில்லை. ஆனால் பாதிப் பலம் உள்ள மணிக்கட்டு இந்த மூன்று விரலை எவ்வளவு நேரத்தில் திருத்தும் என்ற நினைப்பும் கூடவே வந்தது.

பட்டறைக்குப் போனபோது பாய் தொழுகைக்குக் கிளம்பத் தயாராகத் தொப்பி வைத்துக்கொண்டிருந்தார். நோட்டை எடுத்து, வியாழக்கிழமை எழுதிய ‘சரி’யைக் குறுக்கே அடித்து, கீழே நடந்ததை எழுதி அவர் முன்னால் வைத்தேன். படித்தார். உடனே என்னோடு வண்டியில் ஏறி உப்பளத்துக்கு வந்தார். தடத்தின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து விரலால் அளந்தார். போனில் படம் எடுத்துக்கொண்டார்.

“எனக்கு அந்தக் கம்பி சாய்வு ஒரு வாரமா உறுத்திச்சு ஏழுமல,” என்றார். “நீ சரின்னு எழுதின. சரி, எனக்குத்தான் வீண் சந்தேகம்னு விட்டுட்டேன்.”

அவர் குரலில் குற்றம் சாட்டும் தொனி இல்லை. அதனால்தான் எனக்கு அதிகம் வலித்தது. அவருடைய சந்தேகத்தை என் ‘சரி’ அடக்கிவிட்டிருக்கிறது. ஸ்டீயரிங்கிலிருந்து சக்கரத்துக்குப் போகும் கம்பி கிட்டத்தட்டப் படுக்கையாக இருக்க வேண்டும். வண்டியை உயர்த்தியபோது அது சாய்ந்துவிட்டது. அதைச் சரிக்கட்ட, கம்பியைப் பிடித்திருக்கும் இரும்புக் கையை நீளமானதாகப் போட்டிருந்தார், அது போதவில்லை. சக்கரம் மேலே ஏறும்போதெல்லாம் சாய்ந்த கம்பி சக்கரத்தை ஒரு பக்கம் தள்ளுகிறது. பழைய ஸ்டீயரிங் என்றால் அந்தத் தள்ளல் கையில் வெட்டும். எண்ணெய் ஸ்டீயரிங் அதை விழுங்கிவிட்டது.

மேடத்திடம் யார் சொல்வது என்று கேட்டேன். நீதான் என்றார்.

“கண்டது அஞ்சலை அக்கா, பாய்.”

“அப்ப ரெண்டு பேருமா சொல்லுங்க,” என்று சொல்லிவிட்டுத் தொழுகைக்குப் போனார்.

எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. காட்டிவிடலாம் என்று தோன்றியது. வெயிலில் காய்ந்துபோன பாத்தியை மறுபடி பூக்க வைக்க முடியுமா என்று அக்காவிடம் கேட்டேன். சாயங்காலம் உப்புத் தண்ணீரைச் சீராகத் தெளித்துவிட்டால் விடியும்போது பூத்திருக்கும் என்றார். ரெண்டு பேரும் குடத்தில் எடுத்துத் தெளித்தோம். நான் தெளித்தது திட்டுத் திட்டாக விழுகிறது என்று பாதியிலேயே என் குடத்தைப் பிடுங்கிக்கொண்டார்.

சனிக்கிழமை மேடம் தம்பியோடு வந்தார். வண்டியைப் பார்த்ததும் அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் பார்க்காமல் இருந்திருக்கலாம். ஒரு முறை உப்பளத்தில் ஓட்டிப் பாருங்கள் என்று மட்டும் சொன்னேன். நான் இடது பக்கம் உட்கார்ந்தேன். முந்தின நாள் நான் போன அதே வேகத்தில் ஏழு வரப்பும் தாண்டினார். சூப்பராக இருக்கிறது என்றார். இறங்கித் தடத்தைப் பாருங்கள் என்றேன்.

என் தடத்தில் மூன்று விரல் ஒதுங்கியது, அவர் தடத்தில் ஒரு சாண் ஒதுங்கியிருந்தது. அவர் கை திருத்தியிருக்கிறது. ஆனால் தாமதமாக. மேடம் கடைசி வரப்பு வரைக்கும் நடந்துபோய்த் திரும்பி வந்தார். இதில் என்ன இருக்கிறது, கொஞ்சம்தானே என்று தம்பி ஆரம்பித்தார். மேடம் அவரைப் பார்த்துக் கையைக் காட்டி நிறுத்தினார்.

“மலையில பள்ளம் எந்தப் பக்கம்டா?”

தம்பி குனிந்து தடத்தைப் பார்த்தார். மேடமே சொன்னார்:

“இடது பக்கம். அம்மா எங்க உக்காருவாங்க?”

நான்தான் சோதித்தேன், நான்தான் சரி என்று எழுதினேன், தப்பு என்னுடையது என்று சொன்னேன். அதிகம் பழக்கமில்லாத ஆளிடம் நான் அவ்வளவு நீளமாகப் பேசியது அதுதான் முதல் முறை. மேடம் வரப்பில் உட்கார்ந்தார். நாளைக்குப் பொங்கல் என்று சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் சொல்லியாகிவிட்டது. அதை எப்படி மாற்றிச் சொல்வது என்று தம்பியோடு பேசினார். பிறகு எழுந்து என்னிடம் வந்தார். “ஆடியில இன்னும் ரெண்டு ஞாயித்துக்கிழமை இருக்குதுங்க. அதுக்குள்ள முடியுமா?” என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

பாய் கம்பியை இணைக்கும் அந்த இரும்புக் கையைச் சக்கரத்தின் மேல்பக்கத்துக்கே மாற்றினார். வெல்டிங் வைக்கவில்லை, முழு இரும்பில் கடைந்து வாங்கி வந்தார். அது வருவதற்கே ஒரு வாரம் ஆனது. அந்த ஒரு வாரத்தில் இன்னொரு காரியமும் செய்தார். அதே உயரமும் அதே எண்ணெய் ஸ்டீயரிங்கும் போட்டு, என் ‘சரி’ வாங்கிப் போன வண்டிகள் இன்னும் நாலு வெளியே ஓடிக்கொண்டிருந்தன. நாலு பேருக்கும் அவரே போன் செய்து, வண்டியைக் கொண்டுவாருங்கள், பார்க்க வேண்டும் என்றார். ஒருவர் அவரைக் கண்டபடி பேசினார். பாய் போனைக் காதிலிருந்து எடுக்காமல் முழுவதும் கேட்டுக்கொண்டார். என் பெயரை யாரிடமும் சொல்லவில்லை. நாலில் ரெண்டு வண்டி சரியாக இருந்தது. ரெண்டில் இதே கோளாறு. அவற்றையும் சரிசெய்து அனுப்பினோம். ஒருவருக்கும் எதுவும் ஆகியிருக்கவில்லை. அதற்கு யாருக்கு நன்றி சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை, எல்லோருக்கும் சேர்த்துச் சொல்லிக்கொள்கிறேன்.

ஆடி நாலாவது வெள்ளிக்கிழமை மேடம் வந்தார். விடிகாலையிலேயே பாத்தி வெள்ளையாகப் பூத்திருந்தது. பாய் நோட்டில் ஒரு புதுக் கட்டம் போட்டுக்கொண்டு வந்திருந்தார். ‘ஓட்டியவர்’ என்பதற்குப் பக்கத்தில் ‘தடம் பார்த்தவர்’. அஞ்சலை அக்காவிடம் பேனாவை நீட்டினார்.

“நான் எதுக்கு பாய்? எனக்கு வண்டியே ஓட்டத் தெரியாது.”

“அதனாலதான்மா.”

மேடம் ஓட்டினார். நான் ஏறவில்லை. வெளியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பி வந்ததும் அக்கா தடத்தின் ஓரமாக நடந்தார். எங்கள் யாரையும் கூட வரவிடவில்லை. நேர்க்கோடு மாதிரிதான் எனக்குத் தெரிந்தது. பாய் முகத்திலும் நிம்மதி தெரிந்தது. ஆனால் அக்கா மூன்றாவது வரப்பில் நின்று, குனிந்து, மறுபடி நடந்து வந்தார். அந்த இடத்தில் தனக்குச் சந்தேகமாக இருக்கிறது, கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். அது வரப்பு உடைந்து மண் சரிந்த இடம், வண்டியின் கோளாறு இல்லை என்று பாய் பொறுமையாகச் சொன்னார்.

“இருக்கட்டும். இன்னொரு தபா ஓட்டச் சொல்லு.”

எட்டு மாதத்துக்கு மேல் காத்திருந்த மேடம் உடனே வண்டியைத் திருப்பினார். புதுத் தடம் போட வேண்டும் என்று அக்கா பக்கத்து வரிசைப் பாத்தியைக் காட்டினார். ரெண்டாவது முறையும் நடந்து பார்த்தார். பிறகு புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு, எழுத்துக் கூட்டி, ‘அஞ்சலை’ என்று கையெழுத்துப் போட்டார். அதற்குப் பிறகுதான் நான் போட்டேன்.

அன்றிலிருந்து நான் விலகுகிற வரைக்கும் ஆறு வருஷம், பாத்தி கிடைக்கிற மாதங்களில் எல்லா வண்டியும் அந்த வெள்ளைத் தரையில் ஓடித்தான் வெளியே போனது. மழை மாதங்களில் கடற்கரையின் ஈர மணலில் ஓட்டினோம். வண்டிக்குச் சொந்தக்காரரையும் ஒரு முறை ஓட்ட வைத்தோம். நான் ஓட்டும்போது ஸ்டீயரிங்கின் உச்சியில் எப்போதும் ஒரு வெள்ளைக் கோடு இருக்கும். இப்போது வந்திருக்கும் கருவி அந்தக் கோட்டையும் அந்தத் தடத்தையும் சேர்த்துப் போனில் காட்டுகிறது. நல்ல கருவி. பட்டறைத் தம்பிகள் தயங்காமல் அதை நம்பலாம். அது காட்டுவதை நம்பி, நம் கை நமக்குச் சொல்லாமல் செய்வதைச் சந்தேகப்படுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

அந்த ஞாயிற்றுக்கிழமையைச் சொல்லி முடிக்கிறேன். எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. என்ன அடிக்கடி போனைப் பார்க்கிறீர்கள், யாராவது கூப்பிடுவதாகச் சொன்னார்களா என்று மனைவி கேட்டாள். யாரும் சொல்லவில்லை. சாயங்காலம் ஐந்து மணிக்கு மேடம் கூப்பிட்டார். பின்னால் குழந்தைகள் கத்தும் சத்தம் கேட்டது.

“கீழ எறங்கிட்டோம்ங்க ஏழுமலை. அம்மா முன்னாடிதான் உக்காந்து வந்தாங்க. தூங்கிட்டாங்க.” பிறகு, “அந்த அக்காகிட்ட சொல்லிடுங்க,” என்றார்.

உடனே சட்டையை மாட்டிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போனேன். அஞ்சலை அக்கா வாசலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். மேடம் பத்திரமாகக் கீழே இறங்கிவிட்டார்களாம் என்றேன். எங்கேயிருந்து இறங்கினார்கள் என்று கேட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்களில் யாருமே அவரிடம் மலையைப் பற்றிச் சொல்லியிருக்கவில்லை. ஒரு வண்டி நேராகப் போகிறதா என்று மட்டும்தான் அவரைப் பார்க்கச் சொல்லியிருக்கிறோம். நான் மலையைச் சொன்னேன், ஒற்றை வண்டிப் பாதையைச் சொன்னேன், இடது பக்கப் பள்ளத்தையும் முன்னால் உட்கார்ந்து வந்த வயசான அம்மாவையும் சொன்னேன். அக்கா கையில் இருந்த சட்டியைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

“அடப்பாவி. இத முன்னாடியே சொல்லியிருந்தா இன்னும் ரெண்டு தபா ஓட்டச் சொல்லியிருப்பேனே.”